அபூஜகில்

அபூஜகில் (இறப்பு: கி.பி. 624) மக்காவின் குறைஷிக் குலத் தலைவர்களுள் ஒருவர், நபிகள் நாயகத்தைச் சாகும்வரை எதிர்த்தவர். உமறுப்புலவரின் சீறாப்புராணம் வழியாகத் தமிழ் இலக்கியத்திலும் இடம்பெற்றவர்.

இயற்பெயர் அம்ரு இப்னு ஹிஷாம். மதிநுட்பத்தால் 'அபுல் ஹகம்' என மக்காவாசிகள் மதித்த அவரை, முஸ்லிம்கள் 'அறியாமையின் தந்தை' என்னும் பொருளில் அபூஜகில் என்றனர். ஆயினும் நாயகத்தின் மீதான அவருடைய எதிர்ப்பு அறிவின்மையில் பிறந்ததன்று. அவருடைய மக்ஸூம் கிளையும் நாயகத்தின் முன்னோரான அப்து மனாஃப் கிளையும் விருந்திலும் கொடையிலும் நெடுநாள் போட்டியிட்டவை. அக்கிளையில் இறைத்தூதரே தோன்றிவிட்டால் தாம் எதைக் கொண்டு ஈடுகட்டுவது என்று அவர் குமுறியதாக அரபு வரலாறுகள் கூறும்.

அந்தக் குமுறலுக்கு இரையானவர்கள் பெரும்பாலும் எளியவர்களே. மக்ஸூம் கிளையை அண்டி வாழ்ந்த சுமையா என்ற பெண்ணை அவர் ஈட்டியால் குத்திக் கொன்றார். இஸ்லாத்தின் முதல் தியாகியாக அப்பெண் போற்றப்படுகிறார். எந்தக் குலப்பெருமையாலும் நியாயப்படுத்த முடியாத கொடுமை இது. நாயகத்தின் ஹாஷிம் கிளையினரோடு கொள்வினை கொடுப்பினையும் வணிகமும் கூடாதென்ற விலக்கிலும் அவர் முன்னின்றார்.

624இல் குறைஷித் தலைவர் அபூசுஃப்யானின் வணிகக் கூட்டம் முஸ்லிம்களிடமிருந்து பத்திரமாகத் தப்பியது. அதைக் காக்க மக்காவிலிருந்து புறப்பட்ட குறைஷிப் படை அதன்பின் திரும்பியிருக்கலாம். சிலர் திரும்பவும் செய்தனர். அபூஜகில் இணங்கவில்லை. பத்ர் என்ற இடத்தில் நடந்த போரில் ஏறத்தாழ ஆயிரம் குறைஷியர், முந்நூற்றுச் சொச்சம் முஸ்லிம்களிடம் தோற்றனர், அவரும் மாண்டார். மகன் இக்ரிமா, 630இல் மக்கா வெற்றிக்குப்பின் இஸ்லாத்தில் இணைந்து, பிற்காலத்தில் சிரியப் போர்களில் உயிர் நீத்தார்.

17ஆம் நூற்றாண்டுச் சீறாப்புராணத்தில் அபூஜகில் சூழ்ச்சிக்கார எதிர்த்தலைவன். திமஸ்கு மன்னன் ஹபீபுக்கு ஓலை விடுத்து அவனை நாயகத்துக்கு எதிராக வரவழைக்கிறான். வந்த மன்னனோ நிலவு பிளந்த அற்புதத்தைக் கண்டு ஈமான் (இறைநம்பிக்கை) கொள்கிறான். பகைவனின் சூழ்ச்சியே அற்புதத்துக்கு வாயிலாகும் இந்தக் கதைப்போக்கு தமிழ்ப் புராணங்களுக்குப் பழக்கமானது. மதுரை ஒத்தக்கடையை ஒட்டிய யானைமலையைச் சமணர் ஏவிய யானை கல்லாய்ச் சமைந்ததாகத் திருவிளையாடற்புராணம் சொல்வதும் இவ்வகையே. இரண்டிலும் எதிர்த்தவரின் தரப்பு வென்றவர் வழியாகவே நமக்குக் கிடைக்கிறது.

அபூஜகிலைத் தமிழில் அறிய விரும்புவோர் சீறாவின் நுபுவ்வத்துக் காண்டத்தில் 'மதியை அழைப்பித்த படல'த்தையாவது படிக்க வேண்டும்.