சிப்பிப்பாறையின் விலா எலும்பு

மதுரைக்குத் தெற்கே, கரிசல் காட்டில் முயல் விரட்டிப் பழகிய சிப்பிப்பாறை நாய்க்கு விலா எலும்பு லேசாகத் தெரிவதுதான் அழகு. கூழும் கஞ்சியுமே அதன் பழைய சாப்பாடு. நோயில் இளைத்தாலும், ‘இந்தச் சாதியே இப்படித்தான்’ என்று விட்டுவிடுவார்கள்!

இளைப்புக்கு நோய் மட்டுமல்ல, அதற்குத் தரும் ஸ்டீராய்டு மருந்தும் காரணமாகலாம். 1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் மூட்டுவாத நோயாளிக்குக் கார்ட்டிசோன் செலுத்தினார். 1950இல் நோபல் பரிசு. 1955இல் அதே வகை மருந்தான பிரெட்னிசோன் வந்தது. இவ்வகை ஸ்டீராய்டுகள் பின்னர் நாய்களின் தோல், குடல் நோய்களுக்கும் மருந்தாயின.

இவற்றை நீண்ட நாள் கொடுத்தால் நாய்க்குப் பசி பெருகும், தசையோ கரையும். முதுகு ஒட்டி, வயிறு மட்டும் தொங்கும். அதனால் எடை பார்க்கும் தராசை மட்டும் நம்ப முடியாது.

இழந்த தசை திரும்பக் கூழ் போதாது. வேகவைத்த முட்டை, தோலுரித்த கோழி, மெதுவான நடை வேண்டும். கொழுப்பை அள்ளி வைத்தால் கணையம் வீங்கக்கூடும். மாத்திரையைச் சட்டென நிறுத்துவதும் ஆபத்து. கால்நடை மருத்துவர்தான் படிப்படியாகக் குறைப்பார்.