மாதுளையில் தொடங்கிய வளையம்

கர்ப்பப்பை இறங்கிவிட்டால் அதைத் தாங்கிப் பிடிக்க மகப்பேறு மருத்துவர்கள் உள்ளே ஒரு வளையம் வைப்பார்கள். பெயர் பெசரி. இன்று அது மிருதுவான சிலிகானில் வருவதால் புதுச் சரக்கு மாதிரித் தெரியும். ஆனால் வயது இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. அதன் மூதாதை ஒரு பழம்!

பழங்கிரேக்க மருத்துவர்கள் பாதி மாதுளையை மதுவில் ஊறவைத்து உள்ளே முட்டுக்கொடுத்தார்கள். இன்னொரு வைத்தியமும் இருந்தது: பெண்ணை ஏணியில் தலைகீழாகக் கட்டி, ஏணியையே பிடித்துக் குலுக்குவது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் வைத்தியம் பார்த்த சொரானஸ் இந்தக் குலுக்கலைக் கண்டித்தார். புளிக்காடியில் நனைத்த கம்பளிப் பொதியே போதும் என்றார்.

பல நூற்றாண்டுகள் கழித்து, 1559இல், ஜெர்மனியின் லிண்டாவ் ஊரில் காஸ்பர் ஸ்ட்ரோமாயர் என்ற அறுவை வைத்தியர் கடற்பஞ்சைக் கையில் எடுத்தார். அதை இறுக்கிச் சுருட்டி, நூலால் கட்டி, மெழுகில் தோய்த்து, மேலே வெண்ணெய் தடவினார். அதே நூற்றாண்டில் பிரான்சில் அம்புரோவாஸ் பாரே பித்தளையிலும் மெழுகிட்ட தக்கையிலும் செய்து பார்த்தார். பழமும் பஞ்சும் அழுகின, உலோகம் உறுத்தியது.

விடை மருத்துவமனையில் பிறக்கவில்லை, ரப்பரில் பிறந்தது. அன்றைய ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் வெடிக்கும். 1839இல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர், கந்தகம் கலந்த ரப்பரைச் சூடான அடுப்பில் தவறவிட, அது உருகாமல் உறுதிப்பட்டது. 1844இல் காப்புரிமை வாங்கினார். டயருக்கு முன்பே மருத்துவர்கள் அந்த ரப்பரைப் பிடித்துக்கொண்டார்கள்.

பிலடெல்பியா பேராசிரியர் ஹியூ லெனாக்ஸ் ஹாட்ஜ் அவர்களில் ஒருவர். ஒரு மாலை விரிவுரை அறையில் தனியே உட்கார்ந்திருந்தபோது, கணப்படுப்புக் கரண்டியையும் இடுக்கியையும் தாங்கிய கொக்கியின் வளைவு கண்ணில் பட்டதாம். அதுவே அவருடைய நெம்புகோல் பெசரியின் வடிவம் ஆனது. உடனே கிளம்பியது நகலெடுப்போர் கூட்டம். ஆல்பர்ட் ஸ்மித் ஹாட்ஜின் வளைவைச் சற்று மாற்றித் தன் பெயரையும் அதில் சேர்த்தார். ஆளுக்கொரு வடிவம் எனப் பெருகி, 1860களில் 123 வகை பெசரிகள் இருப்பதாக நியூ ஹாம்ப்ஷயர் மருத்துவர் ஒருவர் கிண்டலடிக்கும் அளவுக்குப் போயிற்று.

ரப்பர் அப்போது பிரேசில் காட்டுச் சொத்து. 1876இல் ஹென்றி விக்கம் சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். அங்கே முளைத்த கன்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்குக் கப்பலேறின. பிறகு மலாயாவிலும் வேரூன்றின. மலாயாத் தோட்டங்களில் விடியற்காலையில் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். உலகத்தின் குழாய்க்கும் கையுறைக்கும் பெசரிக்கும் ரப்பர் தந்த கைகளில் நம்மவர் கைகளும் உண்டு.

இதற்கிடையே மயக்கமருந்தும் கிருமிநீக்கமும் வந்து அறுவை சிகிச்சை பாதுகாப்பானது. வளையம் பின்னுக்குப் போனது. 1948இல் லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவர் அர்னால்டு கீகல், இடுப்புத்தளத் தசையைப் பயிற்சியால் வலுப்படுத்தலாம் என்று எழுதினார். அந்தப் பயிற்சி இன்று அவர் பெயரிலேயே உலகமெங்கும் வழங்குகிறது.

வளையத்தை மீட்டது சிலிகான். அது நாற்றத்தை உறிஞ்சாது, பல மாதம் உழைக்கும். ஒரு பக்கம் சிறு குமிழ் வைத்த வகையும் உண்டு. குமிழ் சிறுநீர்க்குழாயைத் தாங்குவதால் இருமும்போதும் சிரிக்கும்போதும் ஏற்படும் கசிவு குறையும். அறுவை சிகிச்சை வேண்டாதவர்களுக்கும் அதைத் தாங்க முடியாதவர்களுக்கும் வளையம் நல்ல வழி. ஒரே நிபந்தனை: வைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் உள்ளே புண்ணாகும். மருத்துவர் சொன்ன இடைவெளியில் கழற்றிக் கழுவிச் சோதிக்க வேண்டும்.

அடி இறங்குவதையும் சிறுநீர் கசிவதையும் வயதின் தலையெழுத்து என்று சேலைக்குள் மறைத்து வாழும் பெண்கள் இன்னும் எத்தனையோ பேர். உங்கள் வீட்டு அம்மாவோ அத்தையோ அப்படி இருந்தால், அடுத்த முறை மருத்துவமனைக்கு நீங்களும் கூடப் போங்கள். "இவங்களுக்கு வளையம் ஒத்துவருமா, டாக்டர்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.