மண்டேலா (2021 திரைப்படம்): வீட்டுத்திரை வெளியீடு

மண்டேலா, மடோன் அஸ்வின் எழுதி இயக்கிய தமிழ் அரசியல் அங்கதப் படம். யோகி பாபு நாயகனாக நடித்தார். படம் திரையரங்குக்கே போகாமல் 2021 ஏப்ரல் 4 அன்று விஜய் தொலைக்காட்சியிலும் மறுநாள் நெட்ஃபிளிக்ஸ் தளத்திலும் வெளியானது. அதே ஏப்ரல் 4 தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தல் பிரச்சாரத்தின் கடைசி நாள். வாக்குப்பதிவு 6ஆம் தேதி. ஒற்றை வாக்கின் விலையைப் பற்றிய படம், வாக்காளர்களின் கூடத்துக்குள் இதைவிடப் பொருத்தமான நாளில் வந்திருக்க முடியாது.

கதை

சூரங்குடி என்ற கற்பனை ஊர் சாதியால் வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. அரசு கட்டிக்கொடுத்த பொதுக் கழிப்பறைக்குள் முதலில் எந்தப் பக்கத்து ஆள் போவது என்று தொடங்கும் சண்டையில் கழிப்பறையே உடைந்து போகிறது. படத்தின் தொடக்கமே இதுதான். ஊராட்சித் தலைவரான பெரியவர் (சங்கிலி முருகன்) சமரசத்துக்காக இரண்டு பக்கத்திலும் பெண் எடுத்தவர். அவருடைய இரண்டு மகன்களும் (ஜி. எம். சுந்தர், கண்ணா ரவி) தலைவர் பதவிக்கு எதிரெதிராக நிற்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் இருவருக்கும் சரிசமமான வாக்குகள்.

இந்தக் கணக்கில் வராத ஓர் ஆள் ஊரில் இருக்கிறார். ஆலமரத்தடியில் வசிக்கும் முடிதிருத்துபவர். ஊரார் அவரை 'இளிச்சவாயன்' என்று கூப்பிடுகிறார்கள். முடி வெட்டியதற்குக் கூலி கொடுப்பது அவரவர் விருப்பம். சேமித்த பணம் களவு போனதும் அஞ்சலகத்தில் கணக்குத் தொடங்கப் போகிறார். அங்கே பெயரும் கேட்கிறார்கள், அடையாள அட்டையும் கேட்கிறார்கள். இரண்டும் அவரிடம் இல்லை. அஞ்சலக ஊழியர் தேன்மொழி (ஷீலா ராஜ்குமார்) நெல்சன் மண்டேலா என்று பெயர் வைத்து ஆதாருக்கு விண்ணப்பிக்க உதவுகிறார். வாக்காளர் அட்டையும் வந்துசேர, ஊரின் தலைவிதி அவர் கையில் வந்து விழுகிறது.

கேளாமல் வந்த புகழ்

அதற்குப் பிறகு அவர் நடந்தால் ஊரே திரும்பிப் பார்க்கிறது. செருப்பு வருகிறது, சாப்பாடு வருகிறது, சலூன் வருகிறது. நேற்றுவரை கொல்லைப்புறமாக வரச் சொன்னவர்கள் வாசலில் காத்து நிற்கிறார்கள். அவரிடம் எதுவும் மாறவில்லை; கூட்டல் கணக்கில் ஒன்று குறைந்ததால் மட்டுமே அவர் பெரிய மனிதராகிறார்.

இந்த வகைப் படங்கள் வேறு இடங்களிலும் உண்டு. அனுஷா ரிஸ்வி இயக்கிய 'பீப்லி லைவ்' (2010) என்ற இந்திப் படத்தில், கடனில் மூழ்கிய விவசாயி தற்கொலை செய்துகொள்ளப் போவதாகச் செய்தி பரவ, தொலைக்காட்சி வண்டிகள் அவர் வீட்டைச் சூழ்கின்றன. நிக்கோலஸ் கேஜ் நடித்த 'டிரீம் சினாரியோ' (2023) இன்னும் விசித்திரமானது: ஒரு சாதாரணப் பேராசிரியர் முன்பின் அறியாதவர்களின் கனவுகளிலெல்லாம் தோன்றத் தொடங்குகிறார். முதலில் கொண்டாடும் உலகம், கனவுகள் கொடூரமானதும் அவரையே வெறுக்கிறது. ஒற்றை வாக்குக் கதைக்கு அமெரிக்காவில் 'ஸ்விங் வோட்' (2008) முன்னோடியாக இருக்கிறது.

ஆனால் மண்டேலாவுக்குத் தனிக் குணம் ஒன்று உண்டு. நாயகன் தன்னைத் தேடிவந்த புகழைக் கண்டு ஓடுவதில்லை; ருசி கண்டு மேலும் கேட்கிறான். அவனுடைய வாக்கை ஏலம் விடும் அளவுக்குக் கதை போகிறது. ஏழை என்பதற்காக அவனைப் புனிதனாக்காமல் விட்டதே படத்தின் துணிச்சல். அடி வாங்கிய பிறகுதான், தனக்காகக் கேட்பதை விட்டு ஊருக்குத் தேவையானவற்றைக் கேட்டு வாங்கத் தொடங்குகிறான். வேட்பாளர்கள் போட்டி போட்டுக்கொண்டு செய்து கொடுக்கிறார்கள். கடைசிப் பகுதியில் படம் சற்றே நல்லுரை சொல்லும் பக்கம் சாய்ந்தாலும், அதற்கு முன்னால் வரும் கசப்பை அது முழுதாகக் கழுவிவிடவில்லை.

வெளியீடு

தமிழ்க் குடும்பங்கள் 1980களில் டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்தன. பிறகு விசிடி, டிவிடி, கூடவே திருட்டு விசிடி. பெரும்பாலும் திரையரங்கில் ஓடி முடிந்த படமே வீட்டுக்கு வரும். கொரோனா அந்த வரிசையைக் குலைத்தது. 2020 மே 29 அன்று 'பொன்மகள் வந்தாள்' அமேசான் பிரைமில் நேரடியாக வெளியானபோது திரையரங்க உரிமையாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். சன் தொலைக்காட்சி 'நாங்க ரொம்ப பிஸி', 'புலிக்குத்தி பாண்டி' ஆகிய படங்களை நேரடியாக ஒளிபரப்பியது. மண்டேலா தொலைக்காட்சிக்கு முதலிடமும் இணையத் தளத்துக்கு மறுநாளும் என்ற முறையில் வந்தது. இணையத் தளச் சந்தா இல்லாத வீடுகளுக்கும் படம் அன்றே போய்ச் சேர்ந்தது இதனால்தான். அதே வாரம் ஏப்ரல் 9 அன்று, யோகி பாபுவும் நடித்த 'கர்ணன்' திரையரங்கில் வெளியானது.

2006 தேர்தலில் இலவச வண்ணத் தொலைக்காட்சி வாக்குறுதியாக அறிவிக்கப்பட்டு, பின்னர் வழங்கப்பட்ட மாநிலம் இது. தேர்தல் பரிசுகளைக் கிண்டல் செய்யும் படத்தைச் சிலராவது அந்தத் தேர்தல் பரிசிலேயே பார்த்திருக்கக்கூடும்.

படத்தை எஸ். சசிகாந்தின் ஒய்நாட் ஸ்டுடியோஸ் பிற நிறுவனங்களுடன் சேர்ந்து தயாரித்தது. இசை பரத் சங்கர், ஒளிப்பதிவு விது அய்யனா, படத்தொகுப்பு பிலோமின் ராஜ்.

வரவேற்பு

முடிதிருத்தும் சமூகத்தை இழிவாகக் காட்டுவதாக எதிர்ப்பு எழுந்தது, வழக்கும் தொடரப்பட்டது. ஆஸ்கர் விருதுக்கு அனுப்ப இந்தியாவில் பரிசீலிக்கப்பட்ட படங்களில் மண்டேலாவும் இருந்தது, தேர்வானது 'கூழாங்கல்'. 2022 ஜூலையில் அறிவிக்கப்பட்ட 68ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த அறிமுக இயக்குநர், சிறந்த வசனம் ஆகிய இரண்டையும் மடோன் அஸ்வின் பெற்றார். அடுத்து அவர் எடுத்த 'மாவீரன்' (2023) படத்தில் கோழையான படக்கதை ஓவியனுக்கு மட்டும் ஒரு குரல் கேட்கிறது. அவனும் வேண்டாமலே வீரனாகிறான். மண்டேலா தெலுங்கில் 'மார்ட்டின் லூதர் கிங்' (2023) என்ற பெயரில், சம்பூர்ணேஷ் பாபு நடிக்க மறுஆக்கம் செய்யப்பட்டது.

விழுப்புரம் வட்டாரத்தில்

படம் காட்டும் ஊராட்சித் தேர்தல் நிஜத்தில் எப்படி நடக்கிறது என்பதற்கு விழுப்புரம் ஓர் எடுத்துக்காட்டு. 2019 டிசம்பரில் தமிழ்நாட்டின் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, கள்ளக்குறிச்சி பிரிந்ததால் வார்டு மறுவரையறை முடியாத விழுப்புரம் ஒதுக்கி வைக்கப்பட்டது. இங்கு 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில்தான் வாக்குப்பதிவு நடந்தது. அதாவது மண்டேலா வீடுகளுக்கு வந்து ஆறு மாதத்தில். கோலியனூர், கண்டமங்கலம் ஒன்றியக் கிராமங்களில் வாக்காளர்கள் நான்கு பதவிகளுக்கு நான்கு தாள்களில் முத்திரை குத்தினார்கள். தலைவருக்குரியது இளஞ்சிவப்புத் தாள். சூரங்குடியில் சண்டை நடப்பது இந்தப் பதவிக்குத்தான்.

இந்த ஒன்றியங்களுக்கு நடுவே, விழுப்புரம்–புதுச்சேரி சாலையில் உள்ள வளவனூர் பேரூராட்சி. இங்கே மக்கள் வார்டு உறுப்பினர்களையே தேர்ந்தெடுத்தார்கள். 2022 பிப்ரவரி 19 அன்று அதற்கான வாக்குப்பதிவு நடந்தது. தலைவரைத் தேர்ந்தெடுத்தது அந்த உறுப்பினர்கள். ஊர் முழுவதும் ஒரே ஆளின் வாக்கைத் துரத்தும் சூரங்குடிக் கதை, பேரூராட்சித் தலைவர் பதவிக்கு இந்த முறையில் நடக்காது.