ஒரு சேனைக்கு ஒரு கைத்துப்பாக்கி

ஒரு படைவீரனின் இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கிக்குத்தான் இடமுண்டு. நீண்ட துப்பாக்கியைச் சுமந்து திரிய இயலாத டாங்கி ஓட்டுநர், விமானி, இராணுவப் போலீசார், மருத்துவப் பணியாளர் ஆகியோருக்கு அதுவே கடைசித் துணை. போரின் முடிவை அது தீர்மானிப்பதில்லை என்பது உண்மையே. ஆனால் போர் நின்ற பிறகும் அது ஆயுதசாலைக்குள் போய் உறங்குவதில்லை. தோட்டா நிரம்பிய நிலையில் மனித உடலை ஒட்டியே நாளெல்லாம் கிடக்கிறது. பகைவனைச் சுடவேண்டிய வேளை ஒருவனுடைய பணிக்காலம் முழுவதும் வாராமற் போகலாம். அது கை நழுவிக் கீழே விழும் வேளையோ எந்த நாளும் வரலாம். எனவே கைத்துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்போர் முன்னே இரண்டு வினாக்கள் நிற்கின்றன. வேண்டியபோது சுடுமா என்பது ஒன்று. வேண்டாதபோது சுடாதிருக்குமா என்பது மற்றொன்று. 2017ஆம் ஆண்டில் அமெரிக்கத் தரைப்படை இரண்டு பாலிமர் துப்பாக்கிகளை எதிரெதிரே வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுத்த வரலாறு, இந்த இரண்டாம் வினாவோடு பின்னிக் கிடக்கிறது.

அந்நாட்டுச் சேனைக்கு இத்தகைய தேர்வு புதியதன்று. 1911 மார்ச்சில் கோல்ட், சாவேஜ் என்னும் இரு நிறுவனங்களின் துப்பாக்கிகள் இறுதிச் சோதனைக்கு வந்தன. ஒவ்வொன்றிலும் 6,000 தோட்டாக்கள் சுடப்பட்டன. சாவேஜ் 37 முறை தடைப்பட்டது. ஜான் பிரவுனிங் வடிவமைத்த கோல்ட் ஒரு முறையும் தடைப்படவில்லை. அந்த வித்தியாசத்துக்கு முன்னால் வாதத்துக்கு இடமேது? அவ்வாண்டே ஏற்கப்பட்ட அந்த எஃகுத் துப்பாக்கி, ஏழு தோட்டாவும் ஒரு கிலோவுக்கு மேற்பட்ட கனமுமாக, 1985 வரை சேனையின் முதன்மைக் கைத்துப்பாக்கியாக இருந்து இரண்டு உலகப் போர்களையும் கண்டது.

1985இல் அதன் இடத்தை இத்தாலியப் பெரெட்டா பிடித்தது. அப்போது நிலைமை வேறு. பெரெட்டாவும் சிக் நிறுவனத்தின் பி226 என்பதும் சோதனையில் ஒருங்கே தேறின. உதிரிப் பாகங்களையும் சேர்த்துக் கணக்கிட்டபோது பெரெட்டாவின் மொத்த விலை குறைவாக இருந்தது, அதுவே முடிவாயிற்று. சமமான இரண்டுக்கு நடுவே விலைதான் தீர்ப்புச் சொல்லும் என்ற இந்த வழக்கத்தை மீண்டும் சந்திக்கப் போகிறோம்.

இதற்கிடையே ஐரோப்பாவில் ஒரு மாறுதல் நிகழ்ந்திருந்தது. துப்பாக்கியின் உடலைப் பிளாஸ்டிக்கினால் வார்க்கலாம் என்பதை 1970இலேயே ஜெர்மனியின் ஹெக்லர் அண்டு கோக் நிறுவனம் விபி70 என்ற துப்பாக்கியில் செய்து காட்டியது. ஆனால் அதன் விசையை இழுக்க மிகுந்த பலம் வேண்டியிருந்தது. சேனைகள் அதனை விரும்பவில்லை. அந்த எண்ணத்தை உலகம் ஏற்கும்படி செய்தவர் துப்பாக்கித் தொழிலுக்கே புதியவர். 1929இல் பிறந்த காஸ்டன் கிளாக் என்னும் ஆஸ்திரியர், வியன்னாவுக்கு அருகே தாய்ச் வாக்ராம் என்ற ஊரில் திரைச்சீலைக் கம்பிகள் செய்து வந்தவர். ஆஸ்திரியப் படைக்குக் கத்தியும் மண்வெட்டியும் செய்து கொடுத்தவர். 1980இல், பழைய வால்தர் பி38 துப்பாக்கிக்கு மாற்றாகப் புதியதொன்று தேவை என்று அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகம் 17 நிபந்தனைகளை வெளியிட்டது. முதல் 10,000 தோட்டாக்களுள் இருபதுக்கு மேல் தடை நேரக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து எஃகுத் தகட்டின்மேல் விழுந்தாலும் வெடிக்கக் கூடாது என்பது இன்னொன்று. இந்தப் பின்னதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

பழைய துப்பாக்கிகளை அறியாமையே கிளாக்குக்கு நன்மையாயிற்று என்று நாம் கருதுகிறோம். பிடியை நைலான் இனத்துப் பாலிமரில் வார்த்தார். குழலையும், பின்னோக்கி ஓடித் திரும்பும் மேற்பகுதியையும் எஃகில் செய்தார். உறுப்புகள் முப்பத்துச் சொச்சமே. 17 தோட்டா கொள்ளும் அது வெறுமையாக இருக்கும்போது 625 கிராம் அளவே எடை. அதைவிட முக்கியமானது வேறொன்று. பழைய துப்பாக்கிகளில் ‘சேஃப்டி’ என்ற காப்புத்தாழ் ஒன்று பக்கவாட்டில் இருக்கும். கட்டைவிரலால் அதை விலக்கினால்தான் சுட முடியும். ஆபத்து வேளையில் மறந்து போவது அத்தாழ்தான். கிளாக் அதை நீக்கிவிட்டு, விசையின் நடுவிலேயே சிறு நாக்குப் போன்றதொரு தகட்டை வைத்தார். விரல் விசையின்மேல் அழுந்தினாலொழிய அந்த நாக்கு உட்செல்லாது. நாக்கு உட்செல்லாவிடில் விசை பின்னுக்கு நகராது. உள்ளே அடியூசியை மறிக்கும் தடை ஒன்றும், வீழ்ச்சியின் அதிர்ச்சியைத் தாங்கும் தடை ஒன்றும் உண்டு. வீரன் எதையும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. விசையில் விரலை வைக்காமல் இருந்தாற் போதும். அந்த ஒன்றுதான் பயிற்சி குறைந்தவனுக்கு அரிது என்று எதிர்ப்பக்கத்தார் சொன்னார்கள். அவர்கள் சொன்னதிலும் உண்மை இருக்கிறது.

1982இல் ஆஸ்திரியப் படை இதனைப் பி80 என்ற பெயரில் ஏற்றது. நார்வேயும் ஸ்வீடனும் பின்தொடர்ந்தன. அமெரிக்காவிலோ, விமான நிலையக் கருவிகளின் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துப்பாக்கி வந்துவிட்டது என்று 1986 வாக்கில் பெரும் கூக்குரல் எழுந்தது. எடையில் பெரும்பகுதி எஃகாக இருக்க, எக்ஸ்ரே கருவிக்கு அது எப்படி மறையும்? கூக்குரல் விளம்பரமாகவே முடிந்தது; அந்நாட்டுப் போலீசார் கிளாக்கை விரும்பி வாங்கினர்.

பிரிட்டனின் தேர்வு இவ்விடத்தில் குறிப்பிடத்தக்கது. அந்நாட்டுப் படை நெடுங்காலம் பிரவுனிங் ஹைபவர் என்ற எஃகுத் துப்பாக்கியை வைத்திருந்தது. 2013 ஜனவரியில் அதைக் கைவிட்டு, 25,000க்கு மேற்பட்ட கிளாக் 17 துப்பாக்கிகளை வாங்க ஒப்பந்தம் செய்தது. எடை குறைவு, விரைவில் சுடலாம் என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். பக்கத்தில் காப்புத்தாழ் இல்லாதது அவர்களுக்குக் குறையாகப் படவில்லை. 2020இல் பிரெஞ்சுப் படையும் கிளாக்கையே தேர்ந்தது.

அமெரிக்கத் தரைப்படை வேறு விதமாக எண்ணியது. பெரெட்டாவுக்கு மாற்றாக வரும் துப்பாக்கிக்குப் பக்கவாட்டுக் காப்புத்தாழ் கட்டாயம் வேண்டும், சிறிய கைக்கும் பெரிய கைக்கும் பிடி பொருந்த வேண்டும் என்று 2015 ஆகஸ்டில் ஒப்பந்தப் புள்ளி கோரியது. அந்தக் கோரிக்கைப் பத்திரம் 350 பக்கங்களுக்கும் மேலாக நீண்டது. ஒரு கைத்துப்பாக்கி வாங்க இத்தனை காகிதமும் இரண்டாண்டுச் சோதனையும் எதற்கு என்று தரைப்படைத் தலைமைத் தளபதி மார்க் மில்லியே 2016இல் வெளிப்படையாகச் சலித்துக்கொண்டார். பின்னால் நிகழ்ந்ததை நோக்கும்போது, காகிதம் மிகுதிதான், ஆனால் சோதனை மிகுதியன்று என்றே சொல்லத் தோன்றுகிறது.

இறுதியில் நின்றவை இரண்டு. கிளாக் நிறுவனம், பெரிய பிடியும் குறுகிய மேற்பகுதியும் கொண்ட ஒரே துப்பாக்கியை எல்லா வேலைக்குமாக முன்வைத்தது. சேனையின் நிபந்தனைக்கு இணங்கிக் காப்புத்தாழையும் சேர்த்திருந்தது. சிக் சாவர் நிறுவனம் 2014இல் வெளியிட்ட பி320ஐ, முழு அளவு, சிறிய அளவு என இரு வடிவில் கொண்டுவந்தது. பி320இன் நுட்பம் அதன் நடுவில் இருக்கிறது. விசையும் அதனோடு இயங்கும் உறுப்புகளும் ஒரு சிறு எஃகுச் சட்டத்தில் அடங்கியுள்ளன. வரிசை எண் பொறிக்கப்பட்டிருப்பதும், சட்டத்தின் பார்வையில் துப்பாக்கி எனப்படுவதும் அச்சட்டமே. பிளாஸ்டிக் பிடி அதற்கு ஒரு சட்டை போன்றது. கைக்கேற்றபடி கழற்றி மாற்றலாம். கையின் அளவைப் பற்றிக் கவலைப்பட்ட சேனைக்கு இது உவப்பாக இருந்ததில் வியப்பில்லை.

2017 ஜனவரி 19ஆம் நாள் சிக் சாவர் வென்றதாக அறிவிக்கப்பட்டது. ஒப்பந்தத்தின் உச்சவரம்பு 58 கோடி டாலர். கிளாக் நிறுவனம் அரசின் தணிக்கை அலுவலகத்தில் முறையிட்டது. நீண்ட இரண்டாங்கட்டச் சோதனையை இரு துப்பாக்கிகளுக்கும் நடத்தாமலே ஒன்றைத் தேர்ந்தது முறையன்று என்பது அதன் வாதம். அதே ஆண்டு ஜூனில் முறையீடு தள்ளுபடியாயிற்று. அத்தீர்ப்பினால் வெளிவந்த கணக்கு இது: மதிப்பீட்டுக்காக எடுத்துக்கொண்ட விலையில் சிக் கேட்டது ஏறத்தாழ 16 கோடியே 95 இலட்சம் டாலர், கிளாக் கேட்டது 27 கோடியே 22 இலட்சம். தொழில்நுட்பத்தில் சிக்குக்குச் சிறிது மேன்மை இருப்பதாகச் சேனை கருதியது. அதன்மேல் விலையில் 10 கோடிக்கு மேல் வித்தியாசம். சட்டப்படி பழுதில்லாத முடிவுதான். 1911இல் தோட்டாக்கள் சொன்ன தீர்ப்பை இம்முறை கணக்கேடு சொன்னது.

இரண்டாம் வினா இப்போதுதான் எழுந்தது. சேனையின் சோதனையில், துப்பாக்கி ஒரு குறிப்பிட்ட கோணத்தில், பின்புறம் தரையில் மோத விழுந்தபோது தானே வெடித்தது. காரணம் எளியது. விழும் துப்பாக்கி சட்டென்று நிற்கும்போது, கனமான விசை மட்டும் தன் வேகத்தால் நகர்கிறது. விரல் இழுத்தது போன்ற விளைவு உண்டாகிறது. கிளாக்கில் அந்தச் சிறு நாக்கு இதைத்தான் மறிக்கிறது. பி320இன் விசையில் நாக்கு இல்லை. நிறுவனம் விசையையும் சில உறுப்புகளையும் இலேசாக்கிச் சேனைத் துப்பாக்கியில் குறையை நீக்கியது. அதே மாற்றத்தைப் போலீசாரிடமும் பொதுமக்களிடமும் முன்பே விற்றிருந்த துப்பாக்கிகளுக்கு இலவசமாகச் செய்து தருவதாக 2017 ஆகஸ்டில் அறிவித்தது. ஆஸ்திரிய அமைச்சகம் 1980இல் எழுதிவைத்த எஃகுத் தகட்டு நிபந்தனையை இங்கே நினையாதிருக்க முடியவில்லை.

2017 நவம்பரில் 101ஆம் வான்வழிப் படைப்பிரிவு எம்17, எம்18 என்ற பெயர்களில் அத்துப்பாக்கிகளைப் பெற்றது. ஆனால் வழக்குகள் ஓயவில்லை. விசையைத் தொடாமலே பி320 வெடித்ததாகப் போலீசாரும் பிறரும் வழக்குத் தொடுத்தனர். நிறுவனம் அதை மறுத்து வருகிறது. விற்பனைக்கு வந்த பி320களுள் பெரும்பாலானவற்றில் சேனை கேட்டு வாங்கிய பக்கவாட்டுத் தாழ் கிடையாது. விசையில் நாக்குமில்லை, பக்கத்தில் தாழுமில்லை என்பதே வழக்காடியவர்களின் குற்றச்சாட்டு. 2024 நவம்பரில் பிலடெல்பியாவில் ஒரு நடுவர் குழு, காயமுற்ற முன்னாள் படைவீரர் ஒருவருக்கு 1 கோடியே 10 இலட்சம் டாலர் வழங்கத் தீர்ப்பளித்தது.

2025 ஜூலையில் வயோமிங் மாநில விமானப்படைத் தளம் ஒன்றில் எம்18 வெடித்து ஒரு வீரர் உயிரிழந்தார். ஒரு படைக்கட்டளையகம் முழுவதும் அத்துப்பாக்கி உடனே நிறுத்திவைக்கப்பட்டது. குற்றம் துப்பாக்கியினுடையதே என்று பலர் முடிவுகட்டிவிட்டனர். ஆனால் ஆகஸ்டில், பொய்யுரைத்தல், கவனக்குறைவால் மரணம் விளைத்தல் முதலிய ஐயங்களின்பேரில் மற்றொரு வீரர் கைதானார். ஆயிரக்கணக்கான துப்பாக்கிகள் ஆராயப்பட்டு, மாத இறுதியில் மீண்டும் பணிக்கு வந்தன. கையின் பிழை எது, கருவியின் பிழை எது என்று பிரித்தறிவது இத்துறையில் எவ்வளவு கடினம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

நம் நாட்டில் 9 மில்லிமீட்டர்த் துப்பாக்கி பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட அளவாதலால், கடைக்குச் சென்று இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தொல்லை நமக்கில்லை. தேசியப் பாதுகாப்புப் படையினர் கிளாக்கை ஏந்துகின்றனர். தரைப்படையினரின் இடுப்பில் நெடுங்காலமாக இருந்து வருவதோ, ஹூக்ளி நதிக்கரையில் ஈஷாபூர்த் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. வங்காளத்தில் வாழும் நேயர்கள் பராக்பூர் வழியே செல்கையில் அவ்வூரைக் கண்டிருப்பார்கள். பிரிட்டன் கைவிட்ட அதே பிரவுனிங்கின் மறுபதிப்பு அது. 13 தோட்டா, எஃகு உடல், இடப்பக்கத்தில் கட்டைவிரலுக்கு எட்டும் காப்புத்தாழ்.