தோற்கருவிகள்: வடிவும் அளவும்

விலங்குத் தோலையோ செயற்கைப் படலத்தையோ ஓர் உடலின் மீது இழுத்துக் கட்டி, அதைத் தட்டி ஒலியெழுப்பும் இசைக்கருவிகள் தோற்கருவிகள் எனப்படும். சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்குநல்லார் இவற்றை அகமுழவு, புறமுழவு, காலைமுழவு முதலியனவாகப் பகுத்துச் சொல்கிறார். 1914இல் ஹார்ன்போஸ்டல், சாக்ஸ் இருவரும் வெளியிட்ட உலக இசைக்கருவிப் பகுப்பில் உடலின் வடிவம் முக்கிய அடிப்படையாகிறது.

அளவும் சுருதியும்

தோலின் பரப்பு பெருகினால் சுருதி இறங்கும். இழுப்பு கூடினால் ஏறும். தோல் தடித்தால் இறங்கும். எல்லா மரபினரும் இம்மூன்றையும் தங்கள் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைத்தே கருவி செய்திருக்கின்றனர்.

இருமுகக் கருவிகள்

மிருதங்கம் பலாமரத்தைக் குடைந்து செய்யப்படுகிறது. நீளம் சுமார் 55 முதல் 60 செ.மீ. தாழ்ந்த சுருதிக்கு நீண்ட கட்டையும், உயர்ந்த சுருதிக்குக் குட்டையான கட்டையும் பயன்படும். வலந்தலையின் நடுவே சோற்றையும் கல்தூளையும் பிசைந்து, மெல்லிய படலங்களாக ஒன்றன்மேல் ஒன்றாகத் தேய்த்துக் கருவட்டம் இடுவர். இடந்தலையில் கச்சேரிக்கு முன் ரவைப் பசையை அப்பி, முடிந்ததும் சுரண்டி எடுப்பர். இந்தக் கருவட்டத்தின் எடைதான் சாதாரணத் தோலில் பிறக்காத ஒத்திசைவான மேற்சுரங்களைத் தருகிறது என்பதை சி.வி. ராமன் தம் ஆய்வுகளில் விளக்கினார். முதல் கட்டுரை 1920இல் வெளிவந்தது.

தவிலும் பலாக்கட்டையில் ஆனதே. ஆனால் அது நாகசுரத்தோடு கோயில் வீதியில் ஒலிக்க வேண்டிய கருவி. அதனால் உடல் பருத்து, தோல் மிக இறுக்கமாக இருக்கும். ஒரு கையில் குச்சியும், மற்றக் கையின் விரல்களில் கெட்டியான கூடுகளும் கொண்டு வாசிப்பர். ஜப்பானிய தைக்கோ வகைகளில் மிகப் பெரியதான ஓதைக்கோ, பெருமரத்தின் ஒரே தண்டைக் குடைந்து செய்யப்படுவது.

சட்டகக் கருவிகள்

ஆழமற்ற வளையத்தில் ஒருபுறம் மட்டும் தோல் போர்த்தியவை இவை. பறையை வாசிக்கும் முன் நெருப்பில் காய்ச்சுவர். ஈரம் வற்றித் தோல் விறைக்கும், ஒலி கணீரென்று எழும். கஞ்சிராவுக்கு இதற்கு நேர்மாறான பக்குவம்: தோலின் உட்புறத்தில் நீர் தெளித்துச் சுருதியை இறக்குவர். அதற்கு உடும்புத் தோலே மரபு. உடும்பு பாதுகாக்கப்பட்ட உயிரினம் என்பதால் இன்று மாற்றுத் தோல்கள் வந்துள்ளன.

இடைசுருங்கிய கருவிகள்

உடுக்கையின் இடுப்பில் உள்ள கயிற்றை அழுத்தினால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். மேற்கு ஆப்பிரிக்காவின் யொருபா மக்கள் இதே முறையில் இயங்கும் துந்துன் கருவியால் தங்கள் மொழியின் ஏற்ற இறக்கங்களை ஒலித்துச் செய்தி சொல்வர்.

கிண்ண, கோப்பை வடிவங்கள்

மேற்கத்திய இசைக்குழுவின் டிம்பனி செப்புக் கிண்ணத்தின் மீது தோல் போர்த்தியது. பொதுவாக 23, 26, 29, 32 அங்குல விட்டமுள்ள 4 கருவிகளை அடுக்கி, மிதியால் சுருதி மாற்றுவர். மேற்கு ஆப்பிரிக்காவின் ஜெம்பே, ஆட்டுத்தோல் போர்த்திய கோப்பை வடிவக் கருவி, வெறுங்கையால் வாசிக்கப்படுவது. திருவாரூர்த் தியாகராசர் கோயிலின் பஞ்சமுக வாத்தியம் ஒரே உலோகக் குடத்தில் ஐந்து முகங்கள் கொண்ட அரிய கருவி.

செய்பவர்கள்

மரத்தின் வயதையும் தோலின் கனத்தையும் கைபார்த்து அறியும் கைவினைஞரே இக்கருவிகளின் நாதத்துக்கு முதல் காரணம். வாசித்தவர்களின் பெயர்கள் நிலைத்த அளவுக்குச் செய்தவர்களின் பெயர்கள் நிலைக்கவில்லை. மிருதங்கம் செய்வோரைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' 2020இல் வெளிவந்தது. தவில், பறை, உடுக்கை செய்வோரின் வரலாறும் இவ்வாறே பதிவு பெற வேண்டும்.