கவருக்குள் புதைந்த பக்கிள்

பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரத்தில் எங்களுக்குக் குஷன் கடை. அப்பா காலத்தில் அம்பாசடருக்கும் பத்மினிக்கும் தேங்காய் நார் திணித்து ரெக்சின் தைத்தோம். அந்த வண்டிகளில் பெரும்பாலும் பெல்ட்டே இருக்காது. கைக்குழந்தை அம்மா மடியில். நிற்கத் தெரிந்த பிள்ளை டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும். யாரும் தப்பாக நினைத்ததில்லை.

வால்வோ கம்பெனியின் நில்ஸ் போலின் மூன்று முனை பெல்ட்டைக் கொண்டுவந்தது 1959-இல். நம் நாட்டில் முன் சீட்டுக்கு அது கட்டாயமாக 1994 ஆகிவிட்டது. பின் சீட்டுக்கு 2002 அக்டோபர். அதற்குள் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோக்கள் வர ஆரம்பித்துவிட்டன.

புது வண்டி எடுத்தவர்கள் கவர் போட வந்து சொன்னது ஒன்றுதான்: "பின்னாடி பக்கிள் குத்துதுண்ணே, உள்ள தள்ளிட்டுத் தைச்சுடுங்க." ஆவடி, அம்பத்தூர் என்று எந்த ஊர் வண்டியானாலும் இதே பேச்சு. இன்றைக்கும் பழைய காரின் கவரைக் கழற்றினால் ஒருநாளும் மாட்டாத பக்கிள் பளபளவென்று கிடைக்கும்.

2019 சட்டத் திருத்தத்தில், 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1000 ரூபாய் அபராதம் என்று வந்தது. அப்போதும் பெரிதாக அசையவில்லை. 2022 செப்டம்பரில் பால்கர் அருகே கார் விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தார்; பின் சீட்டில் பெல்ட் போடாமல் உட்கார்ந்திருந்தார். அதன் பிறகுதான் "அந்த பக்கிளை வெளியே எடுத்துக் கொடுங்க" என்று ஆட்கள் வந்தார்கள்.

இப்போது குழந்தை இருக்கையோடு வருகிறார்கள், புதுப் புகாரோடு: "பெல்ட் லாக் ஆகல, ரிப்பேர்." ரிப்பேரெல்லாம் இல்லை. மெதுவாக இழுத்தால் பெல்ட் வரத்தான் செய்யும். வெடுக்கென்று இழுத்தாலோ, வண்டி சடாரென்று நின்று பெல்ட் சுருளுக்குள் இருக்கும் சின்னக் குண்டு நகர்ந்தாலோதான் பல்சக்கரம் பிடிக்கும். பெரியவர்கள் குனிந்து நிமிர வசதியாக அப்படிச் செய்தது.

அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்த ஒருவர் பெல்ட்டைக் கடைசிவரை உருவிவிட்டு, திரும்பப் போகும்போது 'டிக் டிக்' சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்துப் பார்த்தார். அங்கே 1990-களின் நடுவிலிருந்தே கார்களில் குழந்தை இருக்கைக்காக பெல்ட்டை இறுக்கிப் பூட்ட வழி வைக்கச் சொல்லிவிட்டார்கள்; அந்தச் சத்தம் அதற்கான அடையாளம். இங்கே வரும் பல வண்டிகளில் அது கிடையாது. அதனால் பல குழந்தை இருக்கைகளிலேயே கிளிப் இருக்கும். இருக்கை மேல் முழங்காலை ஊன்றி, பெல்ட்டைத் தொய்வில்லாமல் இழுத்து, அந்தக் கிளிப்பில் மாட்ட வேண்டும். பிறகு பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து ஆட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. குழந்தை இருக்கையை பெல்ட் இல்லாமலே மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி வண்டியிலும் இருக்கையிலும் இருந்தால் இந்த மல்லுக்கட்டே வேண்டாம்.

கவர் தைக்கக் கொடுக்கும்போது பக்கிளுக்கு வழி விடச் சொல்லுங்கள். அதற்குத் தனிக் கூலி வாங்குவதில்லை.