சூலூரில் நின்ற போர் விமானங்கள்: பழைய விமானத்தின் 'ஜாதகத்தை' எப்படித் தேடுகிறார்கள்?

திருப்பூர் மாவட்டம் மங்கலத்தில் தறிச் சத்தத்தையும் மீறி அவ்வப்போது வானத்தில் ஓர் இரைச்சல் கேட்கும். சோமனூர் தாண்டி இருக்கும் சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய தேஜஸ் அது. ஆனா, சூலூருக்கும் போர் விமானத்துக்கும் உள்ள பந்தம் தேஜஸோடு தொடங்கியது இல்லை. இரண்டாம் உலகப் போரின்போதே இங்கே ராணுவ ஓடுபாதை இருந்தது.

அந்தக் கால விமானங்கள் எங்கே போயின, ஓட்டியவர்கள் யார் என்று தேடுவதற்கென்றே உலகம் முழுக்க ஆர்வலர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எப்படித் தேடுகிறார்கள்? பார்க்கலாம்.

போர்க்காலத்தில் இங்கே என்ன இருந்தது?

பிரிட்டன் கடற்படை 1942-ல் கோவையில் விமானங்களைப் பழுதுபார்க்கும் தளம் ஒன்றைத் தொடங்கியது. பெயர் ஹெச்.எம்.எஸ். கருடா. சூலூர்த் தளத்துக்கு 1945-ல் ஹெச்.எம்.எஸ். வைரி என்று பெயர் வைத்தார்கள். 'ஹெச்.எம்.எஸ்.' என்றதும் கப்பல் என்று நினைக்க வேண்டாம். தரையில் இருக்கும் தளத்துக்கும் கப்பலைப் போலப் பெயர் வைப்பது அந்தக் கடற்படையின் வழக்கம். விமானத் தளம் என்றால் பெரும்பாலும் பறவைப் பெயர். வைரி, நம்ம ஊர் வல்லூறுதான். இரண்டு தளங்களும் 1946-ல் மூடப்பட்டன.

தேடுபவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். இன்று 'கருடா' என்று தேடினால் கொச்சியில் உள்ள இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். கருடாதான் வந்து நிற்கும். அது 1953-ல் வந்தது. கோவை கருடா வேறு.

விமானத்தை அடையாளம் காட்டுவது எது?

எண். பனியன் கம்பெனியில் ஒரு பீஸில் சாயம் போனால், லேபிளைப் பார்க்க மாட்டார்கள். லாட் நம்பரைத்தான் தேடுவார்கள். எந்த நூல், எந்தச் சாயப்பட்டறை என்று அதிலிருந்து பிடித்துவிடலாம். விமானமும் அப்படித்தான். வெளியே பெயின்டில் எழுதிய எண் கை மாறும்போது மாறும். தொழிற்சாலையில் தகட்டில் பொறித்த எண் மாறாது.

இதற்கு நல்ல உதாரணம் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானம். போர் முடிந்ததும் பிரிட்டன் விமானப்படை கான்பூரில் பல லிபரேட்டர்களைப் பறக்க முடியாதபடி சிதைத்துவிட்டுப் போனது. பெங்களூரு ஹெச்.ஏ.எல். அவற்றைச் சீராக்கிப் பறக்க வைத்தது. இந்திய விமானப்படை 1968 வரை அவற்றைப் பயன்படுத்தியது. அதில் ஹெச்.இ. 807 என்ற விமானம் 1974-ல் பிரிட்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போனது. அதன் பழைய பிரிட்டிஷ் எண் கே.என். 751. இந்த இரண்டு எண்ணும் ஒரே விமானம் என்று தெரியாவிட்டால் அதன் கதை பாதியில் அறுந்துவிடும்.

ஏன் சிதைத்தார்கள்?

காரணம் ஒப்பந்தம். 'லெண்ட்-லீஸ்' என்ற ஏற்பாட்டில் அமெரிக்கா இரவலாகக் கொடுத்த விமானங்கள் அவை. போர் முடிந்ததும் திருப்பித் தர வேண்டும், இல்லைன்னா காசு கொடுக்க வேண்டும். இரண்டும் வேண்டாம் என்றால் அழித்துவிட வேண்டும். கப்பலிலிருந்து கடலில் தள்ளப்பட்ட விமானங்களும் உண்டு. அதனால்தான் அந்தக் கால விமானங்கள் இன்று அபூர்வம்.

ஆவணங்கள் எங்கே கிடைக்கும்?

லண்டன் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், பிரிட்டன் விமானப்படைப் பிரிவுகளின் தினசரிப் பதிவேடுகள் 'ஏர் 27' என்ற வரிசையில் இருக்கின்றன. ஆனா கோவையும் சூலூரும் கடற்படைத் தளங்கள். அங்கே வந்த கடற்படை விமானப் பிரிவுகளுக்கு 'ஏ.டி.எம். 207' வரிசையைப் பார்க்க வேண்டும். வரிசை மாறினால் நாள் முழுக்கத் தேடினாலும் ஒன்றும் கிடைக்காது.

விமானியின் லாக்புக் இன்னொரு முக்கியமான சான்று. தேதி, விமான எண், புறப்பட்ட இடம் எல்லாம் அதில் இருக்கும். ஒரே விஷயம் இரண்டு ஆவணங்களில் ஒத்துப்போனால்தான் அனுபவமுள்ள ஆய்வாளர்கள் எழுதுவார்கள்.

இந்தியாவில் 2021-ல் பாதுகாப்பு அமைச்சகம் புதிய கொள்கை ஒன்றை அறிவித்தது. அதன்படி ராணுவ ஆவணங்களைப் பொதுவாக 25 ஆண்டுகளுக்குள் வெளிப்படையாக்க வேண்டும்.

இதனால் யாருக்கு என்ன பயன்?

சிங்கப்பூர் கிராஞ்சி நினைவிடத்தின் சுவர்களில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. எல்லாரும் கல்லறை தெரியாதவர்கள். தெற்கு, கிழக்கு ஆசியாவில் பறந்து திரும்பாத விமானப்படையினரும் அதில் உண்டு. ஓர் உடைந்த பாகத்தில் இருக்கும் எண், அந்தப் பெயர்களில் ஒன்றுக்கு இடத்தைச் சொல்லிவிடும்.

இது பழங்கதை மட்டுமில்லை. 2016 ஜூலை 22-ல் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் கிளம்பிய ஏ.என்.-32 விமானம் 29 பேருடன் மாயமானது. சென்னையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் கடலடியில் எடுத்த படங்களை ஆராய்ந்து, சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில் கிடந்தது அதன் சிதைவுகள்தான் என்று 2024 ஜனவரியில் தெரிவித்தார்கள். அந்தப் பதிலுக்காகக் குடும்பங்கள் ஏழரை ஆண்டு காத்திருந்தன.

நம்ம பக்கத்தில் என்ன செய்யலாம்?

போர்க்காலத்தை நேரில் பார்த்தவர்கள் இப்போது தொண்ணூறைத் தொட்டிருப்பார்கள். வீட்டில் அப்படிப் பெரியவர்கள் இருந்தால், அவர்கள் சொல்வதை செல்போனில் பதிவு செய்து வைக்கலாம். பழைய போட்டோ, சம்பளச் சீட்டு, அடையாள அட்டை கிடைத்தால் பழைய பேப்பரோடு எடைக்குப் போடாதீங்க. முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்து வையுங்க.

இரண்டு எச்சரிக்கை. சூலூர் இன்று செயல்படும் ராணுவத் தளம். அனுமதி இல்லாமல் படம் எடுக்கக் கூடாது. தோட்டத்தில் பழைய குண்டு மாதிரி இரும்பு ஏதாவது கிடைத்தால் தொடாமல் போலீஸுக்குச் சொல்லுங்க.

லண்டனில் இருக்கும் காகிதம் பத்திரமாக இருக்கிறது, அது எங்கேயும் போகாது. மங்கலத்திலும் சோமனூரிலும் சூலூரிலும் பெரியவர்கள் மனசில் இருப்பதற்குத்தான் நேரம் குறைவு.